நீள்வட்டத்துக்குள் மனநிறைவு

ஒடுகத்தூர்ப் பக்கமிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு பெண்ணின் சம்பளத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். மனநிறைவை எப்படி அளப்பது?

கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரி என்ற புள்ளியியல் முறையின் அழகு இங்கேதான். ‘இதே வேலையில் தொடர விருப்பமா?’, ‘தங்கச்சியையும் இங்கே சேர்ப்பீர்களா?’ என்று ஆய்வாளர்கள் கேட்டு, 1 முதல் 5 வரை மதிப்பெண் வாங்குவார்கள். பிறகு வரையும் படத்தில் பதில்கள் செவ்வகங்கள், அவற்றின் பின்னே இருக்கும் மனநிறைவு நீள்வட்டம், அங்கிருந்து பதில்களுக்கு அம்புகள். ஒவ்வொரு பதிலிலும் கலந்திருக்கும் பிழைக்கும் படத்தில் தனி இடம் உண்டு. அந்த நேர்மை அருமையானது.

கினிப் பன்றிகளின் நிறத்தை ஆராய்ந்த சீவால் ரைட் 1920-இலேயே இப்படி அம்பு போட்டார். 1970-களில் சுவீடனின் கார்ல் யோரெஸ்கோக், லிஸ்ரல் மென்பொருள் வழியே இம்முறையைச் சமூக அறிவியலில் பரவச் செய்தார்.

மேற்பார்வையாளர் தரும் மரியாதையால் மனநிறைவு கூடுகிறதா? அப்படி ஓர் அம்பு போடலாம்; ஆனால் அதைத் திருப்பிப் போட்டாலும் சில சமயம் கணக்கு அதேபோல் பொருந்தும். திசையை முடிவுசெய்ய, தையல் மிஷினில் வேலை பார்ப்பவர்களிடமே ஆய்வாளர் உட்கார்ந்து பேச வேண்டும்.