தொடாத வாத்தியம்

கையால் தொடாமலே வாசிக்கும் வாத்தியம் என்றதும் நம்மவர்களுக்கு ஒரு பரவசம் வந்துவிடுகிறது. 2016 ஜனவரியில் அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரில், இன்டெல் கம்பெனியின் மேடையில், ஏ. ஆர். ரஹ்மானும் அவருடைய குழுவினரும் மணிக்கட்டில் பட்டைகளைக் கட்டிக்கொண்டு கைவீச்சாலேயே இசை எழுப்பினார்கள். பட்டைக்குள் இருந்தது ‘க்யூரி’ என்ற பொத்தான் அளவுக் கருவி. கையின் அசைவை அது அளந்து அனுப்ப, கணிப்பொறி ஒலியாக்கியது. மறு வருஷமே கம்பெனி அந்தக் கருவியைக் கைவிட்டுவிட்டது. அது வியாபாரம், போகட்டும். நான் கேட்பது வேறு: அது வாத்தியம்தானா?

இத்தகைய ஏற்பாடுகளில் பெரும்பாலும் கைவீச்சு ஒரு கட்டளையாகவே நின்றுவிடுகிறது. ஒலி முன்பே தயாராகப் பெட்டிக்குள் காத்திருக்கிறது. கை ‘வா’ என்கிறது, வருகிறது. கை நடுங்கினாலும் வருகிற ஒலி நடுங்குவதில்லை. பிழைக்கு இடமில்லாத இடத்தில் சாதகத்துக்கு என்ன வேலை?

நான் திருப்பாச்சூர்க்காரன். பாசு என்றால் மூங்கில். எங்கள் ஊர்ச் சுவாமியே மூங்கில் புதரில் கிடைத்தவர் என்பது ஸ்தலபுராணம். ஆகவே புல்லாங்குழலை உதாரணம் காட்டினால் ஊர்ப்பற்று என்று மன்னித்துவிடலாம். குழலின் துளையை முழுக்க மூடுவதற்கும் திறப்பதற்கும் நடுவே விரல் செய்யும் இழையளவு அசைவில் கமகம் பிறக்கிறது. அந்த அசைவு தப்பினால் ராகமும் தப்புகிறது.

அதற்காகத் தொடாத வாத்தியமெல்லாம் பொய் என்று சொல்லமாட்டேன். 1920 வாக்கில் ருஷ்யாவில் லியோன் தெரமின் செய்த கருவியையும் யாரும் தொடுவதில்லை. வலக்கை நிமிர்ந்த கம்பியை நெருங்கச் சுருதி ஏறும். இடக்கை வளையக் கம்பியை நெருங்க ஒலி தணியும். பிடித்துக்கொள்ளத் தந்தியோ மெட்டோ கிடையாது. விரல் சற்று விலகினால் அபஸ்வரம். பிடில் வாசித்துக்கொண்டிருந்த கிளாரா ராக்மோர் அதையே தம் வித்தையாக்கிக்கொண்டார்.

ரஹ்மானுக்கும் இது தெரியாததல்ல. ‘டில்லி-6’ (2009) படத்தின் ‘ரெஹ்னா தூ’ பாட்டில் அவர் ஹேகன் கன்டின்யூவம் வாசித்திருக்கிறார். விரல் வழுக்கிக்கொண்டே ஸ்வரத்துக்கு ஸ்வரம் போக இடம் கொடுக்கிற பலகை அது. அங்கே ஒலியை நடத்திச் செல்வது விரல்.

இனி ஒரு புதுக் கருவி வந்தால், அது என்னென்ன செய்யும் என்று விசாரிப்பதற்கு முன், அதில் தப்பாக வாசிக்க முடியுமா என்று விசாரியுங்கள். முடியும் என்றால் பிள்ளைகளைக் கற்றுக்கொள்ள அனுப்பலாம்.