மேடையேறிய நீதிமன்றம்: பிறெக்ற்றின் இரு நாடகங்கள்

தமிழ் மக்களின் கலை மரபில் நீதி விசாரணைக்கு நெடுங்காலமாகவே சிறப்பானதோர் இடம் இருந்து வந்துள்ளது. மட்டக்களப்புப் பிரதேசத்துக் கண்ணகி அம்மன் ஆலயங்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கப்படும் கண்ணகி வழக்குரை, பாண்டியன் அவையிலே ஒரு பெண் தன் கணவனுக்காக வழக்காடும் நிகழ்ச்சியை நடுநாயகமாகக் கொண்டது. யாழ்ப்பாணத்து இசைநாடக மேடையில் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் நடிப்பினாற் பெரும்புகழ் எய்திய அரிச்சந்திர மயான காண்டமும் ஒரு வகையில் நீதி பற்றிய நாடகமேயாகும். இவ்விரு கதைகளுக்கும் அடிப்படையாக ஒரே நம்பிக்கை உண்டு. நீதி என்பது எங்கோ குறைவின்றி இருக்கின்றது. பொய்யாலோ சோதனையாலோ அது சிறிது காலம் மறைக்கப்படுகின்றது. மறைப்பு நீங்கியதும் அது மீண்டும் வெளிப்படுகின்றது. சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்ததும் மன்னன் தன் பிழையுணர்ந்து உயிர் துறக்கிறான். மயானத்திலே வாள் ஓங்கப்பட்டதும் தெய்வம் தோன்றித் தடுக்கிறது.

இந்நம்பிக்கை எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய ஒன்றன்று. விசாரணையின்றிக் கொலைத்தண்டனை விதித்த அரசன் வாழத் தகுதியற்றவன் என்று கூறத் துணிந்த மரபு அது. எனினும் அம்மரபு கேளாது விட்ட வினா ஒன்று உண்டு. உண்மை முழுவதும் அவையிலே வெளிப்பட்ட பின்னரும் தீர்ப்பு மாறாதிருப்பின் அதனை என்னென்பது? ஜேர்மனிய நாடகாசிரியரான பேர்டோல்ட் பிறெக்ற் இவ்வினாவையே தமது நாடகங்கள் சிலவற்றின் மையமாக்கினார். அவற்றுள் இரண்டினை ஒருசேர நோக்கும்போது, நீதி பற்றிய வழக்கமான எண்ணங்களை நாடகம் எவ்வாறு முதலிற் கலைத்துப் பின்னர் புதிதாகப் புனைந்து காட்டவல்லது என்பது தெளிவாகும்.

முதலாவது, 1930ஆம் ஆண்டளவில் எழுதப்பெற்று, 1938இல் பாலஸ்தீனத்துக் கூட்டுப்பண்ணை ஒன்றில் ஹீப்ரு மொழியில் முதன்முதல் மேடையேறிய 'விதியும் விலக்கும்' என்னும் சிறு நாடகம். எண்ணெய் உரிமையொன்றைப் பெறுவதற்காக ஊர்கா நகரை நோக்கி விரையும் வணிகன் ஒருவன், வழிகாட்டியை இடைவழியில் வேலைநீக்கம் செய்துவிட்டு, சுமை தூக்கும் கூலியாளோடு மட்டும் பாலைவனத்தைக் கடக்கிறான். வெள்ளம் பெருகிய ஆற்றைத் துப்பாக்கி முனையில் அவனைக் கடக்கச் செய்கிறான். கூலியாளின் கை முறிகிறது. பின்னர் வழி தவறுகிறது, நீர் அருகுகிறது. இரவில், வழிகாட்டி தனக்குத் தந்துசென்ற தண்ணீர்க் குடுவையைக் கூலியாள் வணிகனிடம் நீட்டுகிறான். அதனைக் கல்லெனக் கருதிய வணிகன் அவனைச் சுட்டுக் கொல்கிறான்.

இனி வருவது நீதிமன்றம். இறந்தவனின் மனைவி நட்டஈடும் தண்டனையும் கோருகிறாள். வழிகாட்டி, தனக்கு இனி எவரும் வேலை தரமாட்டார்கள் என்பதை அறிந்தும், குடுவையைச் சான்றாக வைக்கிறான். சிலம்பு உடைவதற்கு ஒப்பான தருணம் இதுவே. ஆனால் இங்கு அரியணை அசையவில்லை. அது கல் அன்று, தண்ணீர்க் குடுவையே என்பதை நீதிபதி ஏற்றுக்கொள்கிறார். ஏற்றுக்கொண்டே வணிகனை விடுதலை செய்கிறார். வணிகன் கூலியாளை வதைத்தான். வதைக்கப்பட்டவன் வெறுப்பதே விதி. வெறுப்பவன் நீர் தருவான் என்று அறிவுள்ள எவனும் எதிர்பார்க்க முடியாது. ஆதலால் வணிகன் தற்காப்புக்காகவே சுட்டான் என்பது அவரது தருக்கம். கூலியாளை நன்கு நடத்தியதாக வணிகன் கூறத் தொடங்கும்போது நீதிபதி அவனைத் தடுப்பது இந்நாடகத்தின் கூர்மையான இடமாகும். நன்கு நடத்தியிருந்தால் வெறுப்பை நிறுவ முடியாது, தற்காப்பையும் நிறுவ முடியாது என அவர் விளக்குகிறார். செய்த கொடுமையே குற்றவாளியின் விடுதலைக்குச் சான்றாகிவிடுகிறது.

இங்கு நீதிபதி கைக்கூலி வாங்கியவர் என்றோ, சாட்சிகள் பொய்யுரைத்தனர் என்றோ கொண்டால் நாடகத்தின் பொருள் சுருங்கிவிடும். தீயவர் ஒருவரை நீக்கி நல்லவரை அமர்த்தினால் நீதி நிலைபெறும் என்ற ஆறுதலைப் பிறெக்ற் பார்வையாளருக்கு அளிக்கவில்லை. தராசு பழுதடையவில்லை, அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதனையே செவ்வனே செய்கிறது என்பதே அவர் காட்டும் உண்மை. கூலியாள் நீர் கொடுத்தமைக்கான காரணமும் இவ்விடத்து நோக்கற்பாலது. அவன் அன்பினாற் கொடுத்தானல்லன். வணிகன் தாகத்தாற் சாகத் தான் நீரோடு உயிர்பிழைத்துக் காணப்பட்டால், தன்மீது வழக்குத் தொடுக்கப்படும் என்று அஞ்சியே கொடுத்தான். நீதிமன்றத்துக்கு அஞ்சியமையே அவனது சாவுக்குக் காரணமாயிற்று. அதே நீதிமன்றம் அவனது சாவு நியாயமானதென்று தீர்ப்பளித்தது. இதனைச் சட்டநூல் ஒன்று சொல்லுமாயின் அது வெறும் முரண்பாடாகத் தோன்றும். பாலைவனக் காட்சியை நேரிற் கண்டுவிட்டு நீதிமன்றக் காட்சிக்கு வரும் பார்வையாளனோ அவ்வழக்கின் சாட்சியாகவே அமர்ந்திருக்கிறான். சொல்லப்படுவதற்கும் தான் கண்டதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை அவன் ஒவ்வொரு கணமும் அளந்துகொண்டேயிருக்க வேண்டியவனாகிறான்.

இந்நாடகம் 1970களின் இறுதியில் 'யுகதர்மம்' என்னும் பெயரில் க. பாலேந்திராவின் நெறியாள்கையில், அவைக்காற்று கலைக் கழகத்தினரால் ஈழத்துத் தமிழ் மேடைக்குக் கொண்டுவரப்பட்டது. இத்தலைப்புச் சிந்தனைக்குரியது. நடைமுறை விதியைத் தருமம் என்றழைப்பதில் ஆழ்ந்ததோர் அங்கதம் உண்டு. அநீதியே அறத்தின் பெயரால் உலாவுவதை அது ஒரே சொல்லில் உணர்த்துகிறது. ஆனால் யுகதர்மம் என்ற சொல், கலியுகத்தில் எல்லாம் இப்படித்தான் என்ற விதிவாதப் பெருமூச்சையும் தமிழ் மனத்தில் எழுப்பக்கூடியது. மூலநாடகத்தின் தொடக்கமும் முடிவும், வழக்கமாகிப் போனதை வியப்புக்குரியதாகக் காணுமாறும், சீர்கேடெனக் கண்டவிடத்து மாற்று வழி தேடுமாறும் அவையோரை வேண்டுகின்றன. யுகம் மாறினால் தருமம் மாறும் என்று காத்திருக்க அவை இடமளிப்பதில்லை. ஆகவே இத்தலைப்பைக் கேட்டு உள்ளே வரும் பார்வையாளன் அதன் அங்கதத்தை மட்டும் எடுத்துச் செல்ல வேண்டுமாயின், நடிப்பும் பாடலும் அந்தப் பெருமூச்சுக்கு எதிராகத் தொழிற்பட வேண்டியுள்ளன.

அக்காலச் சூழலை மறந்து இந்நாடகத்தை மதிப்பிடுவது பொருந்தாது. பொலிசாரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிறுவ முடியாது என்பது இலங்கைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் பொது விதி. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் இதற்கு ஒரு விலக்கை ஏற்படுத்தியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திற்குக் குறையாத ஒருவரிடம் அளிக்கப்பட்ட வாக்குமூலம் சான்றாகும். அது விருப்பத்துடன் அளிக்கப்படவில்லை என்று நிறுவும் பாரமும் அளித்தவரையே சாரும். தற்காலிக ஏற்பாடுகள் என்ற பெயரில் மூன்றாண்டுகளுக்கு வந்த அச்சட்டம் 1982இல் நிலையானதாக்கப்பட்டது. விலக்கு விதியானமைக்கு இதனைவிட வெளிப்படையான உதாரணம் வேண்டியதில்லை. நாடகம் இச்சட்டத்தை எண்ணி எழுதப்பட்டதன்று; ஆயினும் இத்தகைய சூழலில் வாழும் அவையோர், நீதிபதியின் தருக்கத்தை வெளிநாட்டுக் கதையாக மட்டும் கேட்டிருத்தல் அரிது.

கலைத்தல் இவ்வாறெனின், புனைதல் எவ்வாறு? பிறெக்ற் அமெரிக்காவில் அகதியாக வாழ்ந்த காலத்தில், 1944இல் எழுதிய 'கோக்கேசிய வெண்கட்டி வட்டம்' இதற்கு விடையளிக்க முயல்கிறது. 1948இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களே இதனை முதலில் மேடையேற்றினர் என்பது பல்கலைக்கழக அரங்கில் ஈடுபாடுடையோர் நினைவிற் கொள்ளத்தக்கது. இலங்கையில் ஹென்றி ஜயசேன 1967இல் 'ஹுணுவட்டயே கதாவ' என்ற பெயரில் இதனைச் சிங்களத்தில் அளித்துப் பெருவெற்றி கண்டார்.

ஒரு பிள்ளைக்கு இரு பெண்கள் உரிமை கோருவதும், பிள்ளையை இழுக்குமாறு நீதிபதி பணிப்பதும் கீழைத்தேயம் நன்கறிந்த கதையே. சீனத்துப் பழைய நாடகமொன்றில் இது உண்டு. பௌத்த மரபின் உம்மக்க ஜாதகத்தில் மகோசத பண்டிதர், நிலத்திற் கோடு கீறித் தாயையும் யக்கினியையும் சோதிக்கிறார். இவற்றில் எல்லாம் பிள்ளையை விட்டுவிடுபவள் பெற்ற தாயே. அவளது இரக்கம் இரத்த உறவுக்குச் சான்றாகிறது. சோதனையின் நோக்கமும் மறைந்துகிடந்த உண்மையை வெளிக்கொணர்வதே. பிறெக்ற் இதனைத் தலைகீழாக்கினார். கலகத்தின்போது ஆடைகளைத் தேடிப் பிள்ளையை மறந்து ஓடிய ஆளுநரின் மனைவி, பிள்ளையோடு வரும் சொத்துக்காக அதனை இழுக்கிறாள். மலையும் பனியும் கடந்து அதனை வளர்த்த வேலைக்காரி குருஷா கையை விட்டுவிடுகிறாள். பெற்றவள் யாரென்பது வழக்கின் தொடக்கத்திலேயே யாவருக்கும் தெரியும். நீதிபதி அஸ்டாக் தேடுவது அதுவன்று. இப்பிள்ளை யாரிடத்து நன்கு வளரும் என்பதையே அவன் தேடுகிறான். உரிமை என்பது பிறப்பினால் வருவதன்று, பேணுதலினால் வருவது என்ற புதிய நியாயம் இவ்வாறு மேடையிற் பிறக்கிறது.

குருஷா நீதிமன்றத்தில் மௌனமாக நிற்குமிடம் ஒன்றுண்டு. பிள்ளை செல்வத்தில் வளர்வதை நீ விரும்பவில்லையா என்று அஸ்டாக் வினவ, அவள் விடையளிப்பதில்லை. அவள் எண்ணியதைப் பாடகர் அவையோருக்குப் பாடுகிறார். நீதிமன்றப் பதிவேட்டில் இடம்பெறாத எளியோரின் மௌனத்தை அரங்கு கேட்கச் செய்கிறது. சட்டம் செய்ய முடியாததை நாடகம் செய்வது இத்தகைய இடங்களிலேயாம்.

ஆயினும் அஸ்டாக்கைக் குறித்து எச்சரிக்கை தேவை. சட்டப் புத்தகத்தின் மேல் அமர்ந்து, வெளிப்படையாகவே பணம் வாங்கி, ஏழைகளின் பக்கம் தீர்ப்புரைக்கும் அவன், கலகக் குழப்பத்தில் படைவீரரின் வேடிக்கையால் நீதிபதியானவன். தீர்ப்பின் பின் காணாமற் போகிறவன். அவனது நீதி ஒரு விபத்து. அவன் மீதான சிரிப்பும் குருஷா மீதான தாய்மையுணர்ச்சியும் மேலோங்கினால், அவையோர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஆறுதலோடு வீடு திரும்பிவிடுவர். இவ்வாபத்தை உணர்ந்தே பிறெக்ற், பள்ளத்தாக்கு ஒன்றுக்காக இரு கூட்டுப்பண்ணையினர் வாதிட்டு, நீர்ப்பாசனம் செய்து அதனை வளமாக்கவல்லோருக்கு அது சேருமென இணங்கும் முன்காட்சியை அமைத்தார். மேற்குலக மேடைகள் பலவற்றில் அக்காட்சி நீக்கப்பட்டமை நாடகத்தின் முதுகெலும்பை நீக்கியமைக்கு ஒப்பாகும். நல்ல நீதிபதிக்காகக் காத்திராமல் மக்களே கூடி நியாயம் காண இயலும் என்பதை அக்காட்சியே கூறுகின்றது.

இக்கருத்து ஈழத்துத் தமிழ் மேடைக்கு அந்நியமானதன்று. சாதியின் பெயரால் ஒருவரைப் பொது இடங்களில் தடுப்பது குற்றமென 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் விதித்திருந்தும், 1968இல் மாவிட்டபுரம் ஆலயக் கதவுகள் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மூடியே கிடந்தன. அப்போராட்டத்தை அடுத்து என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை'யை அம்பலத்தாடிகள் காத்தவராயன் கூத்தின் சாயலில் மேடையேற்றினர். ஏட்டிலே நீதி இருந்தது. வாசலில் அது இருக்கவில்லை. மக்கள் அறிந்த தெய்வத்தையும் மக்கள் அறிந்த மெட்டையும் கொண்டே அந்நாடகம் அவ்விடைவெளியைச் சுட்டியது.

நாடகம் எவரையும் விடுதலை செய்வதில்லை. எந்தத் தீர்ப்பையும் அதனால் மாற்றியெழுத இயலாது. கூலியாளின் மனைவி ஒவ்வொரு மேடையேற்றத்திலும் வெறுங்கையோடுதான் திரும்புகிறாள். ஆனால் நீதிபதியின் சொல்லே நீதி என்று பழகிவிட்ட மனங்களுக்கு, அச்சொல்லையும் விசாரிக்கலாம் என்ற துணிவை அது வழங்குகிறது. பாண்டியன் அவையிற் கண்ணகி தனியே நின்று வழக்குரைத்தாள். அவளுக்குப் பின்னால் அவையோர் அனைவரையும் எழுந்து நிற்கச் செய்வதே இனி வரும் நாடகத்தின் பணியாகும்.