தாலிக் குண்டு

நவி மும்பையின் ஐரோலி அடுக்ககங்களில் மராத்தியப் பெண்கள் கழுத்தில் கருமணியும் ‘வாட்டி’ எனும் இரட்டைப் பொன் கிண்ணமும் என்றால், பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்ணின் தாலிச் சரட்டில் பொன் குண்டு. எனக்குப் பிடித்தது குண்டுதான். மெல்லிய தகட்டை வட்டமாக வெட்டி, குழியச்சில் வைத்துத் தட்டினால் அரைக்கிண்ணம். இரண்டை வாயோடு வாய் சேர்த்து, வெங்காரம் தடவி, பற்றாசுப் பொடி வைத்து ஊதுகுழலால் ஊதுவார் பத்தர். ஒரு மூச்சு கூடினால் குண்டே உருகிவிடும்!

22 காரட்டில் 91.6 விழுக்காடு தங்கம். மிச்சத்தில் செம்பு கூடினால் சிவப்பு, வெள்ளி கூடினால் வெளிர் மஞ்சள். மாநிறக் கழுத்துக்குச் சிவப்புதான் எடுப்பு. இயந்திரக் குண்டு கச்சிதம்தான்; ஆனாலும் பொருத்துவாய் லேசாகத் தெரியும் கைக்குண்டுக்கே என் ஓட்டு. வாங்கும்போது மறக்காமல் கேளுங்கள்: உள்ளே அரக்கு இருந்தால், அந்த எடையைக் கழித்துத்தான் விலை போட வேண்டும்.