கோமதி ஓர் ஆண் பெயர்

கி. ராஜநாராயணனின் 'கோமதி' கதையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் உறுத்தும். நவீனத் தமிழில் திருநர் வாழ்வைத் தொட்ட ஆரம்பகாலக் கதைகளில் ஒன்று என்பதால் பட்டியல்களில் அது தவறாமல் இடம்பெறுகிறது. பெண்களோடு பெண்ணாகவே புழங்க விரும்புகிற, கைமணம் மிக்க சமையல்காரர் கோமதி செட்டியாரின் கதை. இலக்கியக் கூட்டங்களில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "ஆம்பளைக்குப் பொம்பளைப் பேரு வச்சார் பாத்தீங்களா, தலைப்பிலேயே கதையைச் சொல்லிட்டார்." மற்றவர்கள் தலையாட்டுவார்கள். குறியீடு கண்டுபிடித்தாயிற்று, அடுத்த கதைக்குப் போகலாம்.

எனக்கு அந்தப் பெயர் குறியீடாகப் பட்டதே இல்லை. நான் சங்கரன்கோவில்காரன். எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் கோமதிநாயகங்களுக்கும் கோமதிசங்கர்களுக்கும் பஞ்சமில்லை. அத்தனை பேரையும் விளையாட்டு மைதானத்தில் கூப்பிடுவது ஒரே மாதிரிதான்: "ஏல கோமதி, பந்தப் போடுல." டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் மீசை வைத்த கோமதியண்ணன், லாரி ஓட்டும் கோமதி மாமா, இவர்கள் பெயரில் பெண் தன்மை இருப்பதாக எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாது. அது எங்கள் அம்மன் பெயர். அம்மன் பெயரை ஆணுக்கு வைப்போம், பெண்ணுக்கும் வைப்போம். அவ்வளவுதான்.

ஆகவே சென்னையில் வாசிக்கப்படும் 'கோமதி'யும் சங்கரன்கோவிலில் வாசிக்கப்படும் 'கோமதி'யும் வேறு வேறு கதைகள். எதனால் என்று பார்க்க, கதையைக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பெயரின் பின்னால் போகவேண்டியிருக்கிறது.

*

தென்மாவட்டங்களில் பஸ் ஏறிப் பார்த்தால் பெயர்களுக்கு எல்லை உண்டென்பது புரியும். திருநெல்வேலியில் நெல்லையப்பன், காந்திமதி. தென்காசியில் காசிவிசுவநாதன், உலகம்மாள். குற்றாலத்தில் குழல்வாய்மொழி. கோவில்பட்டியில் செண்பகவல்லி. கழுகுமலையில் கழுகாசலமூர்த்தி. சங்கரன்கோவிலில் சங்கரநாராயணன், கோமதி, ஆவுடை. ஒவ்வொரு கோயிலும் தன்னைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறது. செல்போன் டவர் மாதிரி, கொஞ்ச தூரம் வரைக்கும் சிக்னல் பலமாக இருக்கும். தாண்டினால் அடுத்த கோயிலின் சிக்னல் பிடித்துக்கொள்ளும். மும்பையிலோ மஸ்கட்டிலோ ஒரு கழுகாசலத்தைப் பார்த்தால், "கழுகுமலைப் பக்கமா?" என்று கேட்கலாம். அநேகமாகத் தப்பாது.

இந்த வேலையை உலகத்தின் மற்ற இடங்களில் செய்வது குடும்பப் பெயர். ஜப்பானை எடுத்துக்கொள்வோம். அங்கே சாதாரண ஜனங்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள 1870இல்தான் அனுமதி கிடைத்தது. 1875இல் அது கட்டாயமானது. பல பெயர்கள் நிலத்தைப் பார்த்து வைத்தவை. தனாகா என்றால் வயலின் நடு, யமமோத்தோ என்றால் மலையடி. அரிதான பெயர்கள் இன்னும் சுவாரஸ்யம். 'சின்னப் பறவைகள் விளையாடும்' என்ற பொருள்பட மூன்று எழுத்துகளை எழுதிவிட்டு, அதைத் 'தகனாஷி' என்று வாசிக்கிறார்கள். தகனாஷி என்றால் பருந்து இல்லை. பருந்து இல்லாத இடத்தில்தானே குருவி பயமில்லாமல் விளையாடும்? எழுத்து ஒன்று, ஒலி வேறொன்று, இரண்டையும் சேர்ப்பது ஒரு விடுகதை. தெரிந்தவர்கள் மட்டுமே வாசிக்க முடியும்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் அம்மன்தான் ஞாபகம் வந்தாள். அவளுக்கு இரண்டு பெயர்: கோமதி, ஆவுடை. வேறு வேறு பெயர்கள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கோமதி என்றால் நிலவு போன்ற முகம் என்றுகூட விளக்கம் சொல்வார்கள், 'மதி' இருப்பதால். ஆனால் வடமொழியில் கோ என்றால் பசு. கோமதி என்றால் பசுக்களை உடையவள். தமிழில் ஆ என்றால் பசு; ஆவுடையாள் என்றால் பசுக்களை உடையவள். ஒன்றை ஒன்று வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்திருக்கிறது. அம்மன் தவத்துக்கு வந்தபோது தேவமாதர்கள் பசுக்களாகக் கூட வந்தார்கள் என்று தலபுராணம் சொல்வதும் இந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டுதான். ஒரே பெயர், இரண்டு மொழி. ஜப்பானிய விடுகதையைவிட நம்முடையது எளிது. ஆனாலும் அவிழ்க்க மறந்துவிட்டோம்.

என் ஆச்சி பெயர் ஆவுடையம்மாள். அக்காவுக்குக் கோமதி என்று வைத்தபோது, "ஆச்சி பேர விடலாமா?" என்று சொந்தத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள். ஆச்சிதான் பதில் சொன்னாளாம்: "எம்பேரத்தான வச்சிருக்கு. ரெண்டும் ஒண்ணுதாம்ல." எழுதப் படிக்கத் தெரியாதவள். சொற்பிறப்பியலை அவள் அம்மன் சன்னதியில் படித்திருக்கிறாள்.

*

ஆச்சி சொன்னதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தமிழில் பேரன் என்ற சொல்லே பெயரன்தான், அதாவது பெயரைத் தாங்குபவன். தாத்தன் பெயர் பேரனுக்குப் போகும் இந்த வழக்கம் சங்கப் பாடல்களிலேயே தெரிகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று சொல்லிக்கொள்கிறோம். உண்டு. அது வரிசையாக ஓடாமல் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்து ஓடுகிறது. ஊரைச் சொல்லும், வம்சத்தையும் சொல்லும். பாஸ்போர்ட் படிவத்தில் 'லாஸ்ட் நேம்' என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டு, வெளிநாட்டு அலுவலகத்தில் காலமெல்லாம் அப்பா பெயராலேயே அழைக்கப்படும் நம் ஆட்களின் சங்கடம் இங்கிருந்துதான் வருகிறது. நம்முடைய குடும்பப் பெயர் முதல் பெயருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

செங்கோட்டை ஆவுடை அக்காளை நினைத்துக்கொள்கிறேன். இளம் விதவையாகி, அத்வைதத்தைப் பெண்கள் பாடும் பாட்டாக்கியவர். அந்தப் பாடல்கள் நெடுங்காலம் அச்சில் அல்ல, பெண்களின் வாயில்தான் வாழ்ந்தன. அவரை நாம் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள்: ஊர், பெயர், உறவுமுறை. தகப்பன் பெயரும் இல்லை, புருஷன் பெயரும் இல்லை. ஒரு பெண்ணை இதைவிட முழுமையாக எந்தப் படிவம் அடையாளம் காட்டிவிடும்?

பெயர்கள் எப்படி அழிகின்றன என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1870களில் பிரான்சிஸ் கால்டன், இங்கிலாந்தின் பிரபுக் குடும்பப் பெயர்கள் ஏன் மறைகின்றன என்று ஒரு புதிர் போட்டார். ஹென்றி வாட்சன் என்ற கணிதவியலாளர் அதற்குக் கணக்கு அமைத்துக் கொடுத்தார். இன்று கால்டன்–வாட்சன் முறை என்கிறோம். ஒரு தலைமுறைக்குச் சராசரியாக ஒரு மகனுக்கு மேல் பெயரைக் கொண்டுபோகாவிட்டால் அந்தப் பெயர் என்றாவது அழிந்தே தீரும். ஜப்பானில் இதை இன்னும் வேகப்படுத்துவது சட்டம். கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயர்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதால், ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு பெயர் நின்றுபோகிறது. இப்படியே போனால் 2531இல் எல்லா ஜப்பானியருக்கும் 'சாத்தோ' என்ற ஒரே குடும்பப் பெயர்தான் மிஞ்சும் என்று தொஹோக்கு பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி யோஷிதா 2024இல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். எச்சரிக்கைக்காகப் போட்ட கணக்கு அது.

நம்மிடம் சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் என் வயதுக்காரர்களின் வீடுகளில் புதிதாக ஓர் ஆவுடையைக் காணோம். பிள்ளைக்குப் பெயர் தேடும்போது நாங்கள் ஆச்சியைக் கேட்பதில்லை, செயலியைக் கேட்கிறோம். இரண்டு எழுத்தில், வெளிநாட்டுக்காரன் வாயில் நுழைவதாக, எந்த ஊரையும் காட்டிக்கொடுக்காததாக வேண்டும். கோமதி பள்ளிப் பதிவேட்டுக்கு ஏற்றதாக இருந்ததால் ஒரு தலைமுறை தாக்குப்பிடித்தாள். ஆவுடை அதற்கும் முன்பே ரேஷன் கார்டோடு நின்றுவிட்டாள்.

*

இதை வெறும் பழம்பெருமைப் புலம்பலாக முடித்துவிடக்கூடாது. பெயரில் நாம் வேண்டுமென்றே வெட்டிப் போட்டதும் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. தமிழர்கள் பெயருக்குப் பின்னால் சாதியில்லாமல் நடமாடுவது இந்தியாவில் வேறெங்கும் இவ்வளவு சாதாரணமாக நடக்காத காரியம். அது இழப்பு அல்ல, சம்பாத்தியம். இன்னொன்று: கோமதியின் கோயிலுக்குள் எல்லாரும் போக முடிந்த காலம் ரொம்பப் பழசு அல்ல. மதராஸ் மாகாணத்தில் 1939இலும் 1947இலும் சட்டம் வரவேண்டியிருந்தது. இன்று எங்கள் பக்கம் எல்லாச் சாதியிலும் கோமதி இருக்கிறாள். ஆனால் அந்தப் பெயரின் வட்டம் எல்லாருக்கும் ஒரே மாதிரி திறந்திருந்தது என்று சொன்னால் அது பொய்.

நான் சொல்வது, இரண்டும் வேறு வேறு என்பதுதான். 'கோமதி செட்டியார்' என்பதில் பின்பாதி சாதியைச் சொல்கிறது, முன்பாதி மண்ணைச் சொல்கிறது. பின்பாதியை வெட்டினோம், சரி. வெட்டிய வேகத்தில் முன்பாதியை வாசிக்கும் பழக்கமும் போய்விட்டது. இன்றைய வாசகர் 'செட்டியார்' என்பதைச் சட்டென்று புரிந்துகொள்கிறார். 'கோமதி' என்பதைக் குறியீடு என்கிறார். தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

இப்போது கதைக்குத் திரும்பலாம். கி.ரா.வின் இடைசெவல் கோவில்பட்டிக்குப் பக்கம். கோமதி அம்மனின் சிக்னல் நன்றாகவே எட்டும் தூரம். அந்த உலகத்தில் ஓர் ஆணுக்குக் கோமதி என்று பெயர் இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அவருடைய நடையைப் பார்ப்பார்கள், கூந்தலைப் பார்ப்பார்கள், கேலி செய்வார்கள், பெயரைப் பார்க்கமாட்டார்கள். கதையின் வலியும் கனிவும் எனக்கு இங்கேதான் கூடுகிறது. தன் பாலினத்தைத் தானே கண்டடைபவர்கள் முதலில் விட்டொழிக்க வேண்டியிருப்பது பெற்றோர் வைத்த பெயரை. அந்தப் பழைய பெயரால் யாராவது கூப்பிட்டுவிட்டால் எவ்வளவு காயப்படும் என்பதை இன்று நாம் கேட்டறிந்திருக்கிறோம். கோமதிக்கு மட்டும் அந்தப் பிரச்சினை இல்லை. உடம்பு அவருக்கு ஒத்துழைக்கவில்லை, ஊர் ஒத்துழைக்கவில்லை. பெயர் ஒன்றுதான் பிறந்த நாளிலிருந்து இரண்டு பக்கமும் அவருக்குப் பொருந்துகிறது. அவர் இளைப்பாற முடிகிற ஒரே இடம் அது.

அந்தப் பெயர் எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதி சிவனும் பாதி திருமாலுமாக ஒரே உடம்பில் நிற்கிற சங்கரநாராயணர் கோயில். இரண்டையும் ஒன்றாகக் காண வேண்டும் என்று ஒற்றைக்காலில் தவம் நின்றவள் கோமதி; அதைத்தான் வருஷா வருஷம் ஆடித்தபசு என்று கொண்டாடுகிறோம். இதையெல்லாம் கி.ரா. யோசித்து வைத்தாரா? அந்தக் கேள்வி அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை. பெயரை ஊரிலிருந்து எடுத்தால் ஊரும் கூடவே வந்துவிடும். எழுத்தாளன் கூட்டிவர வேண்டியதில்லை.

சமீபத்தில் வாசிக்கும் பல கதைகளில் எனக்குக் குறையாகப் படுவதும் இதுதான். ஆதவ், மித்ரா, நிலா என்று பாத்திரங்கள் வருகிறார்கள். புரோகிராமில் நாங்கள் எக்ஸ், ஒய் என்று தற்காலிகமாக வைத்து, பிறகு மாற்ற மறந்துவிடும் பெயர்கள் போல. நிஜ வாழ்க்கையிலேயே பெயர்கள் அப்படித்தானே ஆகிவிட்டன என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் மித்ராவுக்கு ஏன் மித்ரா என்று வைத்தார்கள், யாருடைய பெயரை வைக்காமல் விட்டார்கள், வைக்காத அந்தப் பெயரை வீட்டில் ஒரு கிழவி இன்னும் கூப்பிடுகிறாளா என்பதாவது எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதில் பாதிக் கதை இருக்கிறது.

ஜப்பானில் ஒரு குடும்பப் பெயரின் கடைசி ஆள் போய்விட்டால், பெரும்பாலும் அதோடு சரி. நம்முடைய பெயர் தலைமுறை தாண்டிக் குதிக்கும் பெயர். நடுவில் இரண்டு மூன்று தலைமுறை விடுபட்டாலும், கொள்ளுப்பேத்தி ஒருத்தி எங்கிருந்தாவது எடுத்து வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. அவள் வருகிற வரைக்கும் அதை எங்கேயாவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அர்த்தத்தோடு. ரேஷன் கார்டு பெயரை வைத்திருக்கும், அர்த்தத்தை வைத்திருக்காது. 'கோமதி' மாதிரி ஒரு கதை இரண்டையும் வைத்திருக்கும்.