கடற்கரையும் வீடும்: சோரப் ஹூராவின் ஒளிப்படப் புத்தகங்களை முன்வைத்து

சோரப் ஹூராவின் 'தி கோஸ்ட்' மூன்று வாரமாக என் மேசையில் இருக்கிறது. சென்னை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கியது. "முதுகை மடக்காதே, எண்ணெய்க் கையோட தொடாதே" என்று நாலு தடவை சொல்லித்தான் கொடுத்தார். இந்த மாதிரிப் புத்தகங்கள் கொஞ்சம் பிரதிகள்தான் அச்சாகும், விலையும் நமக்குக் கட்டுப்படியாகாது. சீர்காழியில் உட்கார்ந்துகொண்டு ஒளிப்படப் புத்தகங்களைப் பற்றி எழுதுகிறவன் இரவலில்தான் காலம் தள்ள வேண்டும். திருப்பிக் கொடுப்பதற்குள் எழுதிவிடலாம் என்று இதை ஆரம்பிக்கிறேன். எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஹூரா 1981ல் வங்காளத்தில் பிறந்தவர், தில்லியில் பொருளாதாரம் படித்தவர், மேக்னமில் உறுப்பினரானவர். தன் புத்தகங்களை 'அக்லி டாக்' என்ற பெயரில் தானே வெளியிடுகிறார். 'தி கோஸ்ட்' 2019ல் பாரிஸ் போட்டோ–அப்பர்ச்சர் விருதுகளில் ஆண்டின் சிறந்த ஒளிப்படப் புத்தகமாகத் தேர்வானது.

புத்தகத்தில் ஒரு சின்னக் கதை உண்டு. தலையைப் பறிகொடுத்த மது என்ற பெண், ஒரு பறவை. அந்தக் கதையையே சின்னச் சின்ன மாற்றங்களோடு பன்னிரண்டு முறை சொல்கிறார். மூன்றாவது முறை படிக்கும்போது எரிச்சல் வருகிறது. ஏழாவது முறை வரும்போது, எது முதலில் படித்தது என்பதே மறந்துபோகிறது. டீக்கடைப் பேச்சு வாட்ஸாப்பில் ஏறி, ஊர் சுற்றி, நம்மிடமே வேறு உருவத்தில் வந்து நிற்கிறதே, அந்த அனுபவம். படங்களும் அப்படித்தான். முகத்தில் அடிக்கிற ஃபிளாஷ், கொட்டுகிற வண்ணம், வியர்வை, காயம், சிரிப்பா வலியா என்று தெரியாத வாய். கடற்கரை இவருக்கு வெறும் இடம் இல்லை. நாட்டின் தோல் மாதிரி. உள்ளே கொதிப்பதெல்லாம் அங்கேதான் கொப்புளமாக வெளியே தெரியும் என்பது அவர் பார்வை. வடிவம் என்ற அளவில், அண்மைக் காலத்தில் இந்தியாவில் வந்த ஒளிப்படப் புத்தகங்களில் இவ்வளவு யோசித்துச் செய்யப்பட்ட ஒன்றை நான் பார்க்கவில்லை. அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் பக்கத்து வீட்டு அத்தைக்குப் பிடிக்கவில்லை. நாலு பக்கம் புரட்டிவிட்டு, "என்னப்பா இது, கண்ணைக் கூசுது" என்று மூடிவைத்துவிட்டார். அதே தலைப்பில் ஹூரா 2020ல் எடுத்த குறும்படத்திலிருந்து ஒரு துண்டைக் கைபேசியில் காட்டினேன். திருவிழா முடிந்து இரவில் மக்கள் கடலுக்குள் இறங்குகிறார்கள், அலை அவர்களைப் புரட்டுகிறது, எல்லாம் மெதுவாக ஓடுகிறது. அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் மகளைக் கொடுத்திருப்பது உடன்குடிப் பக்கம். "அட, இது குலசைல்ல! எங்க மாப்பிள்ளை வருஷா வருஷம் காளி வேஷம் கட்டுவாரு. விரதம் இருந்து, வீடு வீடா காணிக்கை வாங்கி, முத்தாரம்மனுக்குச் செலுத்திட்டுக் கடல்ல முங்கி எந்திரிச்சாத்தான் முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்றார்.

குலசேகரப்பட்டினம் தசரா பற்றித் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. வேஷம் என்பது அங்கே வேண்டுதல். குழந்தை பிறக்க வேண்டும், நோய் தீர வேண்டும், வாங்கிய கடன் அடைய வேண்டும். காளியாக வருகிறவர் பெட்டிக்கடைக்காரராக இருக்கலாம், கல்லூரிப் பையனாக இருக்கலாம். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். மாப்பிள்ளை என்று சொல்லும்போது அத்தை கண்ணில் ஒரு ஆள் தெரிகிறார். அந்த ஆளுக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது. எனக்குப் படத்தில் தெரிந்தது உடம்பு, உப்பு, இருட்டு. என் பார்வைக்கும் அத்தை பார்வைக்கும் நடுவில் விழுந்துபோனது எதுவோ, அதுதான் இந்தப் புத்தகத்தின் மீதான என் குறை.

இதை அவரை ஒரு போடு போடுவதற்காகச் சொல்லவில்லை. இது ஆவணம் அல்ல, புனைவு என்று அவர் தரப்பில் சொல்வார்கள். பார்க்கிறவனின் வன்முறை ஆசையைத் தூண்டிவிட்டு அவனையே கூச வைப்பதுதான் நோக்கம் என்றும் சொல்வார்கள். சரிதான், பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கூச்சத்துக்கான செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது?

எங்கள் கரைக்கு இந்தக் கேள்வி பழசு. 2004 டிசம்பர் 28, கடலூர். ராய்ட்டர்ஸ் ஒளிப்படக்காரர் அர்கோ தத்தா எடுத்த படம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மணலில் குப்புற விழுந்து, கையை விரித்து அழுகிற ஒரு பெண். ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும். அந்த ஆண்டின் உலகப் பத்திரிகை ஒளிப்பட விருது அதற்குத்தான். அது நல்ல படம், கண்ணியமான படமும்கூட. ஆனால் அதே வாரத்தில் பழையாறுக்கும் திருமுல்லைவாசலுக்கும் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோன பையன்களில் நானும் ஒருவன். அங்கே ஒரு பெரியவர் கேமராவோடு வந்த ஒருவரிடம், "எடுத்துட்டுப் போறீங்களே, எங்கிட்ட என்ன விட்டுட்டுப் போறீங்க?" என்று கேட்டார். கோபமெல்லாம் இல்லை, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

இதே ஹூரா வீட்டுக்குள் வரும்போது வேறு ஆள். அவருக்குப் பதினேழு வயதில் அம்மாவுக்கு ஸ்கிசோஃப்ரினியா என்று தெரிகிறது. 'லைஃப் இஸ் எல்ஸ்வேர்' (2015) கறுப்பு வெள்ளை. 'லுக் இட்ஸ் கெட்டிங் சன்னி அவுட்சைட்!!!' (2018) வண்ணம். அம்மா, எல்சா என்ற நாய், ஒரு வீடு. பல ஆண்டுகள் எடுத்த படங்கள். இரண்டாவது புத்தகத்தில் அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வருவதும், நாய் கிழடு தட்டிப்போவதும் ஒரே வெளிச்சத்தில் நடக்கின்றன. இங்கே ஃபிளாஷ் யாரையும் அறைவதில்லை. இந்த மனிதருக்குக் காத்திருக்கத் தெரியும் என்பதற்கு இந்த இரண்டு புத்தகங்களே சாட்சி. அம்மாவுக்குக் கொடுத்த காலத்தைக் கரையில் நிற்கிறவனுக்கும் கொடுத்திருக்கலாமே என்ற ஆதங்கம் அதனால்தான் வருகிறது. தெரியாதவர் செய்திருந்தால் நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன்.

தயானிதா சிங்கை இந்த இடத்தில் நினைக்காமல் முடியாது. 1989ல் ஒரு லண்டன் பத்திரிகைக்காகத் தில்லியில் திருநங்கைகளைப் படமெடுக்கப் போகிறார். அங்கே மோனா அகமதைச் சந்திக்கிறார். படம் லண்டனில் வரப்போகிறது என்று தெரிந்ததும் மோனா ஃபிலிம் சுருளைத் திருப்பிக் கேட்கிறார். எங்கள் சொந்தக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள், வேண்டாம் என்கிறார். தயானிதா சுருளை எடுத்துக் கொடுத்துவிட்டார். தொழில் கணக்கில் அன்றைக்கு நஷ்டம். அதிலிருந்து தொடங்கிய நட்பு மோனா 2017ல் இறக்கும்வரை நீடித்தது. 2001ல் வந்த 'மைசெல்ஃப் மோனா அகமது' புத்தகத்தில் படங்களோடு இருக்கிற எழுத்து மோனாவுடையது. பதிப்பாளர் வால்டர் கெல்லருக்கு அவர் அனுப்பிய மின்னஞ்சல்கள். தன் வளர்ப்பு மகளைப் பற்றி, இடுகாட்டில் தான் கட்டிக்கொண்ட வீட்டைப் பற்றி, சில இடங்களில் அளந்துவிடுகிறாரோ என்று நமக்குத் தோன்றுகிற அளவுக்கு. அளக்கட்டுமே! அவர் வாழ்க்கை, அவர் அளப்பு. தயானிதா பிற்பாடு செய்த 'ஃபைல் ரூம்', 'மியூசியம் பவன்' எல்லாம் இதைவிட நேர்த்தியானவை. ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்தச் சுருளைக் கொடுத்த கையைத்தான்.

ரோலான் பார்த் செய்தது இன்னொரு வகை. அம்மா இறந்தபின் எழுதிய 'கேமரா லூசிடா'வில் (1980) அம்மாவின் சிறுவயதுப் படம் ஒன்றைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறார். அந்தப் படத்தை மட்டும் அச்சிடவில்லை.

இப்போது அந்த இன்னொரு காரணம். அப்பா போன ஐப்பசியில் காலமானார். கடைசி மூன்று மாதம் படுக்கை. அந்த மூன்று மாதத்தில் என் கைபேசியில் அவரை நானூற்றுச் சொச்சம் படம் எடுத்திருக்கிறேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கட்டிலோரம் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு, அதில் நாற்பது படங்களைப் பொறுக்கிச் சின்னப் புத்தகமாகச் செய்யலாம் என்று நினைத்தேன். ஹூராவின் அம்மா புத்தகங்கள்தான் தைரியம் கொடுத்தன, மறைக்க என்ன இருக்கிறது. பக்க வரிசைகூடப் போட்டுவிட்டேன். தங்கச்சியிடம் காட்டினால், "அண்ணே, இதுல ஒண்ணுலயாவது அப்பா உன்னைப் பார்த்திருக்காரா?" என்று கேட்டாள். அப்போதுதான் கவனித்தேன். ஒன்றிலும் இல்லை.

அத்தை வந்துபோன அன்றைக்கு ராத்திரி, கைபேசியை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ரெண்டு மணி நேரம். "இது வேணாம், வேட்டி வெலகியிருக்கு." "இது வேணாம், பல்லு செட்டு இல்லாம யாருக்கும் முகம் காட்ட மாட்டாரு அவரு." ஒன்றில் மட்டும் நின்றாள். ஜன்னல் வழியாக வாசல் வேப்பமரத்தை அப்பா பார்த்துக்கொண்டிருக்கிற படம். "இது இருக்கட்டும்" என்றாள்.

மீதி எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, என்னிடம் இருந்ததை அழித்தேன். அம்மா அதை மஞ்சள் துணியில் சுற்றி, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்திருக்கிறாள். சாவி அவள் இடுப்பில்.