இரைப்பை இல்லாத மீனும் பைட்டேஸும்

மீன் தீவனத்தில் பைட்டேஸ் என்ற நொதியைச் சேர்த்தால் செரிமானம் கூடும், வளர்ச்சி கூடும், குளத்து நீரும் கெடாது என்று ஆய்வுச் சுருக்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பொய்னு சொல்ல வரல. ஆனா எந்த மீனுக்கு, எந்தத் தீவனத்துக்கு என்ற கேள்வி அதில் காணாமல் போயிடுது.

முதலில் அடிப்படை. தவிடு, சோயாப் புண்ணாக்கு போன்றவற்றில் உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் வடிவில் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கும் நொதி மீனின் குடலில் போதுமான அளவு கிடையாது. செரிக்காத பாஸ்பரஸ் கழிவாகக் குளத்தில் சேர்ந்து பாசியை வளர்க்கிறது. பைட்டேஸ்தான் சாவி. இதுவரை சரி.

ஆனால் சந்தையில் கிடைக்கும் பைட்டேஸ் பெரும்பாலும் கோழி, பன்றியின் அமில இரைப்பையை மனசுல வச்சு உருவானது. பிஎச் 2.5 முதல் 5.5 வரை நன்றாக வேலை செய்யும். திலாப்பியாவுக்கு இரைப்பை உண்டு. ஆந்திரக் குளங்களில் வளர்ந்து நம்ம ஊர்ச் சந்தைக்கு வரும் ரோகு, கட்லாவுக்கு? கெண்டை இனத்துக்கு இரைப்பையே கிடையாது. குடலிலும் அமிலம் இல்லை. அதனால்தான் ரோகு ஆய்வுகள் சிலவற்றில் சிட்ரிக் அமிலத்தையும் சேர்த்துப் பார்த்தாங்க, பலனும் கூடியது. அப்படின்னா பாராட்டு முழுக்க நொதிக்கு மட்டும் போகலாமா?

அடுத்தது ஒப்பீடு. பாஸ்பரஸ் பற்றாக்குறையான தீவனத்தை எதிரே நிறுத்தினால் பைட்டேஸ் ஜெயிக்கத்தான் செய்யும். மீன் வளர்ப்பவரின் கேள்வி வேற: தீவனத்தில் ஏற்கெனவே சேர்க்கும் டைகால்சியம் பாஸ்பேட்டைக் குறைச்சு, பைட்டேஸ் போட்டா செலவு மிச்சமாகுமா? அதைக் குறைக்காமல் மேலே நொதியைப் போட்டால், தேவைக்கு மேல் உறிஞ்சிய பாஸ்பரஸை மீன் சிறுநீரில் வெளியேற்றிவிடும். கரைந்த பாஸ்பரஸ் பாசிக்கு இன்னும் வசதி.

கடைசியாக, ஊட்டும் முறை. கொல்லேரு வட்டாரத்தில் தவிட்டைத் துளையிட்ட பைகளில் கட்டி நீரில் தொங்கவிடுகிறார்கள். நொதியோ நீரில் கரையும் புரதம். மீன் வாய்க்குப் போகும் முன் எவ்வளவு மிஞ்சும்? ஆலைத் தீவனத்தில் வேறு சிக்கல்: குருணை செய்யும் சூட்டில் நொதி கெடும், பிறகுதான் தெளிக்கணும்.

ஆகவே "பைட்டேஸ் வளர்ச்சியைக் கூட்டியது" என்ற வரியைப் பார்த்தால் மூணு விஷயம் தேடுங்க: மீனுக்கு இரைப்பை உண்டா, எதோடு ஒப்பிட்டாங்க, தீவனம் எப்படி நீருக்குப் போச்சு. மூன்றுக்கும் பதில் இல்லாத கட்டுரை தொட்டிக்குச் சரி, குளத்துக்கு ஆகாது.