எஞ்சிய கவிதைகளிலிருந்து தொடங்குவோம்

சிவரமணியைப் பற்றி நான் வாசித்த கட்டுரைகள் பல 1991 மே 19 இலிருந்தே தொடங்குகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், 22 வயது, தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின் எஞ்சிய கவிதைகளெல்லாம் அந்த நாளுக்கான முன்னறிவிப்பாக வாசிக்கப்படுகின்றன. அவருக்கு வேறு வழியிருக்கவில்லை என்று விமர்சனமும் முடிந்துவிடுகிறது.

இந்த வாசிப்பை நான் ஏற்கவில்லை. 'சிவரமணி கவிதைகள்' தொகுப்பில் எனக்குக் கேட்பது சாவை நாடும் குரல் அல்ல. போர் நம் குழந்தைகளை என்ன செய்கிறது, பெண்ணுக்கு ஏன் இந்த விதிகள் என்று விடாமல் கேட்கும் குரல். மரணத்தையே அவருடைய கடைசிக் கவிதையாக்கினால் இந்தக் கேள்விகள் மறைந்துபோகின்றன.

வேறு வழியில்லை என்பது உண்மையும் அல்ல. 1990களின் நடுப்பகுதியில் இலங்கையின் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. கடும் நச்சுப் பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட, இரு தசாப்தங்களில் அது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. போர் முடியுமுன்பே இறக்கம் தொடங்கிவிட்டது. துயரம் தீரவில்லை; அந்தக் கணத்தைக் கடக்கப் பலருக்கு அவகாசம் கிடைத்தது.

புரோசார்ட்டில் வளரும் நம் பிள்ளைகளிடம் இக்கவிதைகளைக் கொடுக்கும்போது இதையும் சேர்த்தே சொல்லவேண்டும். கனடாவில் 2023 நவம்பர் 30 முதல் 988 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பதில் கிடைக்கும். வீட்டுக்குள், தமிழில், அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.